‘தொடரும்’ என்ற சொல்லுக்குப் பின்: தமிழ் அறிவியல் புனைகதைத் தொடர்களும் வாசகர் காத்திருப்பும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் அறிவியல் புனைகதை பெரும்பாலும் வார இதழ்த் தொடர்கதையாகவே வாசகரைச் சென்றடைந்தது. ஆயினும் அதனைப் பற்றிய ஆய்வுகள் நூல்வடிவத்தையே மூலமாகக் கொள்கின்றன. இதனால் ஓர் இயலுக்கும் அடுத்த இயலுக்கும் இடையிலும், ஒரு கதைக்கும் அதன் தொடர்ச்சிக்கும் இடையிலும் வாசகர் காத்திருந்த காலம் ஆய்வின் பார்வைக்கு வராமற்போகிறது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ ஆகிய இரு புதினங்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு அக்காத்திருப்பின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது. வரலாற்றுத் தொடர்கதையின் வாசகர் தாம் அறிந்த முடிவை நோக்கிக் காத்திருக்கிறார். அறிவியல் புனைகதையின் வாசகரோ தாம் அறிந்த விதிகளின் நிலைபேற்றுக்காகக் காத்திருக்கிறார் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: தொடர்கதை, அறிவியல் புனைகதை, சுஜாதா, கல்கி, வாசகர் எதிர்பார்ப்பு, இருத்தல், ஊடல், தாராசுரம்.

முன்னுரை

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் கருவறைப் புறத்தே, அதிட்டானப் பகுதியில் நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாகத் தொடர்ந்து செதுக்கப்பட்டுள்ளன. கோயிலை எடுப்பித்தவன் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட இரண்டாம் இராசராசன். சேக்கிழார் அவனுக்கு முன் ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர் என்பது மரபு. ஆகவே பெரியபுராணம் தோன்றிய சில பத்தாண்டுகளுக்குள்ளேயே அது கல்லில் ஏறிவிட்டது எனலாம். சிற்பங்களை அடுத்துப் பெயர் குறிக்கும் சிறு கல்வெட்டுகள் உள்ளன. ஒரு சிற்பத்தில் முதலையின் வாயிலிருந்து ஒரு சிறுவன் வெளிப்படுகிறான். சுந்தரர் அவிநாசியில் செய்த அற்புதத்தை அறிந்தவருக்கு அந்த ஒரு காட்சியே போதும். இறந்த மகனை எண்ணி வருந்திய பெற்றோரும், வற்றியிருந்த மடுவும், பாடிய பதிகமும் உள்ளத்தில் தாமே எழும். அறியாதவருக்கு அது முதலையும் குழந்தையும் மட்டுமே.

இச்சிற்பங்கள் கதை சொல்லவில்லை. கதை அறிந்தவரின் நினைவைத் தூண்டுகின்றன. ஒரு புதிய தொடர் வரவிருக்கிறது என்ற அறிவிப்பும் அத்தகையதே. வார இதழில் வெளியாகும் ஒரு பக்க விளம்பரமோ, ஓவியரின் ஒற்றைப் படமோ, திரைப்படத்தின் ஒரு நிமிட முன்னோட்டமோ, முந்தைய கதையை உள்ளத்தில் வைத்திருப்பவரிடமே முழுமையாகச் செயல்படும். எனவே எதிர்பார்ப்பை வருவதறியாத ஆவல் என்று கொள்வது பாதி உண்மையே. கையில் உள்ள கதையை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கும் வாசகரின் உழைப்பு அதில் பெரும்பங்கு வகிக்கிறது. அந்த உழைப்பு அறிவியல் புனைகதையில் எவ்வாறு வேறுபடுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

முடிவு தெரிந்த காத்திருப்பு

அறிவியல் புனைகதைக்குச் செல்லுமுன், தமிழ் வாசகரைக் காத்திருக்கப் பழக்கிய தொடரைக் காண்பது தேவை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ‘கல்கி’ இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் மணியம் ஓவியங்களுடன் அது வாசகரிடம் வந்தது. ஐந்து பாகங்களாக இன்று அடுக்கி வைத்துச் சில வாரங்களில் படித்துமுடிப்பவர் அடையும் நூலும், அன்றைய வாசகர் அடைந்த நூலும் ஒன்றல்ல.

கதையின் பல பகுதிகள் பழையாறை, குடந்தை, தஞ்சை ஆகிய இடங்களில் நிகழ்கின்றன. தாராசுரம் பழையாறைக்கு அண்மையிலுள்ள ஊர். இப்பகுதி வாசகர் தம் ஊர்ப் பெயர்களைக் கதையில் கண்டனர். கதை முடிவையும் ஓரளவு அறிந்திருந்தனர். அருள்மொழிவர்மன் இராசராசனாகப் போகிறான் என்பதும், தஞ்சைப் பெரியகோயிலைக் கட்டப் போகிறான் என்பதும் கதை தொடங்கும் முன்பே தெரிந்தவை. அவர்கள் அறிய விழைந்தது ‘என்ன ஆகும்’ என்பதைக் காட்டிலும் ‘எவ்வாறு ஆகும்’ என்பதையே. இவ்வகையில் அவர்களும் அதிட்டானச் சிற்பங்களைச் சுற்றி வருபவர்களும் ஒரே நிலையினர்.

கதை நிறைவுற்றபோது வாசகர் நிறைவுறவில்லை. கதை சட்டென்று முடிந்துவிட்டது என்று பலர் குறைபட்டதைக் கல்கியே தம் முடிவுரையில் எடுத்துக்கூறி, கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்ற வினாக்களுக்கு விடை தந்தார். ஒரு புதினத்தின் இறுதியில் ஆசிரியர் வாசகருக்குக் கணக்கு ஒப்படைப்பது போன்ற அப்பகுதி தனித்து ஆராயத்தக்கது. 1954 டிசம்பரில் கல்கி மறைந்தார். தொடர்ச்சியை வேண்டிய வாசகர் உள்ளம் அத்துடன் அடங்கவில்லை. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்ற பெயரில் அக்கதையைத் தொடர்ந்தார். பழையாறைக்கு நந்திபுரம் என்ற பெயரும் இருந்ததை அறிந்தவருக்கு அத்தலைப்பே அழைப்பாயிற்று. பின்னாளில் அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார்.

கல்கி முன்னரே இன்னொரு வழியையும் காட்டியிருந்தார். ‘பார்த்திபன் கனவு’ முதலில் வந்தது. அதற்கு முற்பட்ட காலத்தைச் சொல்லும் ‘சிவகாமியின் சபதம்’ பின்னர் வந்தது. இன்று உலகெங்கும் பெருந்தொடர்கள் கையாளும் ‘முன்கதை’ உத்தி தமிழ் வார இதழில் 1940களிலேயே வழங்கியது என்பதைத் திரைப்பட ஆய்வாளர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

விதி தெரிந்த காத்திருப்பு

எதிர்காலத்தைக் களமாகக் கொண்ட கதையில் வாசகருக்கு இத்தகைய பிடிப்பு இல்லை. அவர் சரிபார்க்கக் கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை, முடிவு எவருக்கும் தெரியாது. அவர் கையில் எஞ்சுவது ஒன்றே: ஆசிரியர் அக்கற்பனை உலகிற்கு வகுத்துத் தந்த விதிகள்.

சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (1935-2008) திருவரங்கத்தில் வளர்ந்து, மின்னணுவியல் பயின்று, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1968இல் குமுதத்தில் வெளிவந்த ‘நைலான் கயிறு’ அவருடைய முதல் தொடர்கதை. 1980களில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தது. கதை நிகழும் காலம் 2021ஐ ஒட்டியது. இந்தியா ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் இருக்கிறது. குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். நிலாவும் சிபியும் அவ்வனுமதி பெற்ற தம்பதியர். ரவி என்பவன் ஜீனோ என்ற இயந்திர நாயுடன் அவர்கள் வீட்டிற்கு வருகிறான். சிபி காணாமற்போகிறான், கதை விரைகிறது. ஆட்சியாளன் ஜீவா ஒளியால் உருவாக்கப்பட்ட முப்பரிமாணத் தோற்றமே என்பது பின்னர் வெளிப்படுகிறது. முடிவில் நிலா அரசியாக்கப்படுகிறாள். ஆனால் அதிகாரம் அவள் கையில் இல்லை. ‘மீண்டும் ஜீனோ’ இந்நிலையிலிருந்து தொடங்குகிறது.

கதைமாந்தர் பெயர்களை நோக்குக: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ. அனைத்தும் ஈரெழுத்துப் பெயர்கள். மனிதருக்கும் நாய்க்கும் ஆட்சியாளனுக்கும் ஒரே அளவு. தனிமனிதனைச் சுருக்கி எண்ணாக்கும் அரசு பெயரையும் சுருக்கிவிட்டது என்பதை ஆசிரியர் இவ்வாறு நிறுவுகிறார். வாசகர் இதனை ஒரு முறை உணர்ந்தபின் அது அவருடைய உடைமையாகிறது. தொடர்ச்சிக் கதையில் ஒரு புதிய பாத்திரம் ‘கோபாலகிருஷ்ணன்’ என்ற பெயருடன் நுழைந்தால் வாசகர் திடுக்கிடுவார். ஒன்று ஆசிரியர் மறந்துவிட்டார், அல்லது இப்பெயருக்குப் பின் ஏதோ மறைபொருள் உள்ளது என்று எண்ணுவார். வரலாற்றுப் புதினத்தின் வாசகர் வந்தியத்தேவனுடைய பெயரின் நீளத்தைக் கொண்டு எதையும் ஊகிக்க இயலாது.

ஜீனோவின் வளர்ச்சியும் இவ்வாறே. அது இயந்திரம், ஆயினும் நூல்களைப் படிக்கிறது, வினவுகிறது, தான் செய்யப்பட்ட நோக்கத்தைக் கடந்து சிந்திக்கத் தொடங்குகிறது. ஜப்பானின் சோனி நிறுவனம் ஐபோ என்ற இயந்திர நாயை விற்பனைக்குக் கொணர்ந்தது 1999இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே ஜீனோ தமிழ் வீடுகளில் பழகிய பெயர். ஆனால் முன்னறிந்து சொன்னார் என்ற வியப்பு ஆய்வுக்குப் பெரிதும் உதவுவதில்லை. ஓர் இயந்திரம் எதுவரை உணரலாம் என்ற எல்லையை முதற்கதை எங்கே வைத்தது, இரண்டாங்கதை அதனை எவ்வளவு நகர்த்தியது என்பதே பொருட்படுத்தத்தக்கது. ‘மீண்டும் ஜீனோ’ என்ற தலைப்பு வாசகருக்கு அளித்த வாக்குறுதி நாய் திரும்பி வரும் என்பது மட்டுமன்று. அந்த எல்லை பற்றிய வினா திரும்பி வரும் என்பதுமாகும். மனிதப் பாத்திரமான நிலாவின் பெயர் தலைப்பில் இடம்பெறவில்லை என்பது தற்செயலாக இருக்க முடியாது.

இத்தகைய வாசகரைத் தொடர்கதை மட்டும் உருவாக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். ஜூனியர் விகடனில் சுஜாதா ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்ற பகுதியில் வாசகரின் அறிவியல் வினாக்களுக்கு விடையளித்தார். காரணம் கேட்பதற்கு அங்கே பழகிய ஒருவர் கதையிலும் காரணம் கேட்பார். கதையாசிரியரும் விடையாசிரியரும் ஒருவராக அமைந்தது தமிழ் அறிவியல் புனைகதையின் தனிப்பேறு. அதுவே அவ்வகைமை ஒருவரையே பெரிதும் சார்ந்து நின்றதற்கும் காரணமாயிற்று.

இருத்தல், இரங்கல், ஊடல்

வாசகர் காத்திருப்பை விளக்க மேலைக் கோட்பாடுகள் உள. எனினும் காத்திருப்பின் வகைகளை நுணுகிப் பெயரிட்ட மரபு தமிழில் முன்னரே உண்டு. அகத்திணையின் உரிப்பொருள்கள் காதலரைப் பற்றியவை. அவற்றை வாசகர்மேல் ஏற்றுவது ஒப்புமை அளவிலேயே பொருந்தும். அந்த வரையறையுடன் நோக்கினால் சில வேறுபாடுகள் தெளிவாகின்றன.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். தலைவன் கார்காலத்தில் மீள்வேன் என்று பருவம் குறித்துச் சென்றிருக்கிறான். தலைவி அச்சொல்லை நம்பி ஆற்றியிருக்கிறாள். குறித்த நாள் உண்டு என்பதே இந்நிலையின் உயிர். வார இதழ்த் தொடரின் காத்திருப்பு இவ்வகையது. ‘தொடரும்’ என்பது நாள் குறித்த வாக்கு. காவிரிப் படுகையினருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படும் என்ற மரபை நம்பியே குறுவைக்கு நாற்றங்கால் திட்டமிடப்படுகிறது. நாள் குறித்த காத்திருப்பில் வேலை நடக்கும். உழவர் வயலைத் திருத்துவார், வாசகர் சென்ற இயலைத் திரும்பப் படிப்பார்.

கார் வந்தும் தலைவன் வாராதபோது சங்கப் பாடல்களில் ஒரு நயமான உத்தி உண்டு. இது உண்மைக் காரன்று, வம்பமாரி, பருவமல்லாப் பருவத்து மழை என்று தோழி மறுத்துரைப்பாள். 2010 அக்டோபரில் வெளியான ‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சியான ‘2.0’க்குக் காத்திருந்தவர்கள் இந்நிலையை நன்கு அறிவர். 2017 தீபாவளி என்றனர். பின்னர் 2018 ஜனவரி என்றனர். வரைகலைப் பணிகள் நிறைவுறாமையால் அதுவும் தள்ளிப்போயிற்று. படம் திரைக்கு வந்தது 2018 நவம்பர் 29இல். இடைப்பட்ட காலத்தில் ரசிகருள் ஒரு சாரார் சினந்தபோது, மற்றொரு சாரார் முப்பரிமாணப் படத்தின் தொழில்நுட்ப இயல்பை எடுத்துரைத்து, குறித்த நாள் உண்மையான நாள் அன்று என்று தேற்றினர். தோழியின் கூற்றுத்தான் அது. இத்தேற்றுரைகளை வெறும் விசுவாசம் என்று தள்ளிவிடுதல் முறையன்று. ஒரு வகைமையின் ஆக்கமுறையைப் பொதுமக்கள் அறிந்துகொண்ட வழிகளுள் அதுவும் ஒன்று.

நாளே குறிக்கப்படாத காத்திருப்பு நெய்தலின் இரங்கலை ஒத்தது. பிரித்தானியத் தொலைக்காட்சியின் ‘டாக்டர் ஹூ’ 1963இல் தொடங்கி 1989இல் நின்றது. இடையே 1996இல் வந்த ஒரு தொலைக்காட்சிப் படம் நீங்கலாக, 2005 வரை 16 ஆண்டுகள் புதிய தொடர் இல்லை. அக்காலத்தில் ரசிகரும் எழுத்தாளரும் புதினங்களாகவும் ஒலிநாடகங்களாகவும் அவ்வுலகைக் காத்தனர். 2005இல் அதனை மீட்டெடுத்த ரஸ்ஸல் டி டேவிஸ் இளமை முதல் அத்தொடரின் ரசிகர். அதாவது காத்திருந்தவரே ஆசிரியரானார். ஐசக் அசிமோவ் 1940களில் இதழ்க் கதைகளாக எழுதிய ‘ஃபவுண்டேஷன்’ வரிசைக்கு வாசகரும் பதிப்பாளரும் இடையறாது வேண்டியபின், 1982இல்தான் அடுத்த நூல் வந்தது.

இறுதியாக ஊடல். தொடர்ச்சி வந்தபின் ரசிகர் கொள்ளும் சினத்திற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஊடலுக்கு உரிமை வேண்டும். அயலார் ஊட முடியாது. ஒரு நூலைத் திறனாய்வாளர் மறுப்பதும், அதன் நெடுநாள் வாசகர் ‘இது எங்கள் ஜீனோ அன்று’ என்று பிணங்குவதும் வேறு வேறு செயல்கள். பின்னது விலகல் அன்று. உறவின் ஒரு நிலை. விதிகளைக் காத்துவந்தவர் என்ற தகுதியால் அவர் பேசுகிறார். எனினும் வாசகர் உரிமைக்கு ஒரு கடுமையான முகமும் உண்டு. 1857ஐக் களமாகக் கொண்டு சுஜாதா குமுதத்தில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ எதிர்ப்புகளால் நிறுத்தப்பட்டது. பின்னர் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று புதிதாக எழுதப்பட்டது. அது ஊடல் அன்று. வாரந்தோறும் கருத்துரைக்க வாய்ப்புள்ள வடிவம் ஆசிரியரைத் தாங்கவும் செய்யும், தடுக்கவும் செய்யும் என்பதற்காகவே அதனை இங்குக் குறிப்பிட்டேன்.

ஆசிரியர் மறைந்தபின்

சுஜாதா 2008 பிப்ரவரி 27இல் மறைந்தார். ‘எந்திரன்’ படத்திற்கு அவர் எழுதிய உரையாடல் அவர் மறைவுக்குப்பின் திரையில் ஒலித்தது. ‘2.0’க்கு இயக்குநர் ஷங்கருடன் எழுதியவர் ஜெயமோகன். ‘விசும்பு’ என்ற தொகுப்பில் அறிவியல் கதைகளைத் தனிப்போக்கில் எழுதிக்காட்டியவர் அவர். எனவே ஓர் எழுத்தாளரின் கற்பனையுலகை வேறுபட்ட அழகியல் உடைய இன்னோர் எழுத்தாளர் தொடர்வதைத் தமிழ் வாசகர் காணும் அரிய வாய்ப்பு அங்கே அமைந்தது. ரசிகர் எழுப்பிய வினாக்கள் பெரும்பாலும் விதிகளைப் பற்றியவையே: பிரித்தெடுக்கப்பட்ட சிட்டிக்கு நினைவு எவ்வாறு திரும்பும்? அறிவியலை நம்பிய கதையில் பறவை மனிதரின் ஆற்றலுக்கு விளக்கம் யாது? இவ்விரண்டாம் வினா எளிதாகத் தீர்வதன்று. முதற்படம் உணர்வுடைய இயந்திரத்தைப் பற்றியது; இரண்டாம் படம் இறந்தவரின் ஆற்றலை அறிவியற் சொற்களால் போர்த்தியது. விதி மாறியது என்று பிணங்கியவர்களிடம் நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

திரைப்படத்தின் இறுதியில் மிகச்சிறிய உருவில் ஒரு புதிய எந்திரன் தோன்றி, மூன்றாவது பகுதி வரலாம் என்ற குறிப்பைத் தருகிறது. இது தாராசுரத்துச் சிற்பத்தைப் போலச் செயல்படும் ஒரு காட்சி. முன்னிரண்டையும் கண்டவருக்கே அது பொருள் தரும்.

‘என் இனிய இயந்திரா’வைப் பொறுத்தவரை இன்னொரு வகைக் காத்திருப்பும் நிகழ்ந்து முடிந்துள்ளது. கதையில் எதிர்காலமாக இருந்த ஆண்டு வந்து கடந்துவிட்டது. வரலாற்றுப் புதினத்திற்கு இந்நிலை ஒருபோதும் ஏற்படாது. நாள் குறித்த எதிர்காலக் கதை, அந்நாள் வந்தவுடன் மறுவாசிப்புக்கு உள்ளாகிறது. குடிமக்கள் எண்களாதல், அனைத்தையும் கண்காணிக்கும் அரசு, திரைத்தோற்றமே தலைவனாதல் ஆகியவற்றை வாசகர் தம் காலத்துடன் ஒப்பிடுகின்றனர். ஆதாருடன் ஒப்பிடுவது எளிது. ஆனால் நாவல் சொன்ன எண் ஒடுக்குமுறையின் கருவி. அதனை நலத்திட்ட அடையாள எண்ணுடன் சமன்செய்யும்போது கதையின் அரசியல் கூர்மை குறைகிறது, கருவியின் பெயரே மிஞ்சுகிறது. பலித்தது, பலிக்கவில்லை என்று கணக்கிடும் மனப்பான்மை அறிவியல் புனைகதையைச் சோதிடமாக்கிவிடுகிறது.

தொடர்ச்சியை எழுதும் உரிமை யாருக்கு என்ற வினாவில் இரு ஆசிரியரின் நிலையும் வேறு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. எவரும் பதிப்பிக்கலாம், தொடரலாம். சுஜாதாவின் ஆக்கங்கள் அவ்வாறல்ல. மூன்றாவது ஜீனோ கதை ஒன்றை எவரேனும் எழுத விழைந்தால் அது இலக்கியச் சிக்கல் மட்டுமன்று, சட்டச் சிக்கலும் ஆகும்.

சான்றுகள் இருக்குமிடம்

மேற்கூறியவற்றை நிறுவுவதற்கு வேண்டிய சான்றுகள் நூல்வடிவத்தில் இல்லை என்பதே ஆய்வாளர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு. நூலாக்கத்தின்போது ‘தொடரும்’ என்ற சொல் நீக்கப்படுகிறது. ஓவியங்கள் பெரும்பாலும் விடப்படுகின்றன. அடுத்த தொடரின் அறிவிப்பு, வாசகர் கடிதம், முன்கதைச் சுருக்கம் ஆகியவை எங்கும் சேர்வதில்லை. முன்கதைச் சுருக்கம் சிறு பகுதிதான். ஆனால் முந்தைய இயல்களில் எவை நினைவில் நிற்க வேண்டும் என்று இதழ் கருதியது என்பதற்கு அதுவே நேர்ச்சான்று. இயல் முடிவுகளில் உள்ள திருப்பங்களைக் காட்டி இவ்வெழுத்து வணிக உத்தி என்று முடிவு கட்டும் திறனாய்வு, அத்திருப்பத்திற்குப் பின் ஏழு நாள் இடைவெளி இருந்தது என்பதை மறந்துவிடுகிறது. இடைவெளியை நீக்கிவிட்டுப் படித்தால் திருப்பம் மிகையாகத் தோன்றுவது இயல்பே.

தாராசுரம் நெசவாளர் தெரு ஒன்றில் இக்கட்டுரையாளர் கண்ட ஒரு ‘பைண்டு’ தொகுதி இங்குக் குறிக்கத்தக்கது. வார இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து, அட்டையிட்டுத் தைத்து வைக்கும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் இருந்தது. அத்தொகுதியில் ‘என் இனிய இயந்திரா’வின் இயல்கள் வரிசையாக இருந்தன. இடையே ஓர் இதழ் கிடைக்கவில்லை போலும். அவ்விடத்தில் கோடிட்ட நோட்டுத்தாள் ஒன்றைத் தைத்து, விடுபட்ட இயலின் செய்தியை நாலைந்து வரிகளில் பென்சிலால் எழுதியிருந்தனர். அவ்வரிகளில் துரத்தலோ உரையாடலோ இல்லை. அரசின் ஆணை எது, ஜீனோ புதிதாக எதைச் செய்ய முடிந்தது என்பவையே குறிக்கப்பட்டிருந்தன. விதிகளே நினைவில் நிற்க வேண்டியவை என்று அவ்வாசகர் தாமாகவே முடிவுசெய்திருக்கிறார். ஒரு தொகுதியைக் கொண்டு பொதுமுடிவு கூறலாகாது. எனினும் இத்தகைய தாள்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதற்கு இது போதிய காரணம்.

அதே தொகுதி ஆய்வாளருக்கு ஏமாற்றத்தையும் தந்தது. கதைப்பக்கங்களை மட்டும் காத்தவர்கள், அவற்றின் பின்புறத்தே தற்செயலாக அமைந்தவை தவிர, கடிதப் பக்கங்களைக் களைந்துவிட்டனர். கதையை மிக விரும்பியவர்களே காத்திருப்பின் சான்றை அழித்தனர் எனலாம். அவர்களுக்கு அது குப்பை.

முழு இதழ்களைப் பேணும் நிறுவனங்கள் சில உண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் புதுக்கோட்டை ஞானாலயாவும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஆனால் அங்கும் அட்டவணைகள் ஆசிரியர், தலைப்பு என்ற முறையிலேயே அமைகின்றன. வாசகர் கடிதத்திற்கும் தொடர் அறிவிப்பிற்கும் ஆசிரியர் பெயர் இல்லை. ஆதலால் அவை அட்டவணையில் இடம்பெறுவதில்லை. ‘என் இனிய இயந்திரா’ முடிந்த வாரத்திற்கும் ‘மீண்டும் ஜீனோ’ தொடங்கிய வாரத்திற்கும் இடைப்பட்ட ஆனந்த விகடன் இதழ்களின் கடிதப் பக்கங்களையும் அறிவிப்புகளையும் தனியே எடுத்து அட்டவணைப்படுத்துவது ஓர் ஆய்வாளர் சில மாதங்களில் செய்து முடிக்கக்கூடிய பணி. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் அதனைத் தலைப்பாகக் கொண்டால் வீடுகளில் எஞ்சியுள்ள தொகுதிகளையும் அத்துடன் பதிவுசெய்யலாம். தாராசுரத்தில் அத்தொகுதியை வைத்திருந்த குடும்பத்தினர் வீட்டைப் புதுப்பிக்கும்போது அதனுடன் இருந்த வேறு நான்கு தொகுதிகளைப் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டதாகக் கூறினர். அவற்றுள் ஒன்று ‘மீண்டும் ஜீனோ’.